சீட்டைச் சரிசெய்து கொடுங்கள்

எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு சைக்கிளில் கடைசியாக எட்டியது சீட்தான். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து நாகரசம்பட்டி, அரசம்பட்டி, போச்சம்பள்ளி பக்கத்தில் எண்பதுகளில் சைக்கிள் பழகிய பெண்கள் பெரும்பாலும் அப்பாவின் அல்லது அண்ணனின் உயரமான ஜென்ட்ஸ் வண்டியில்தான் பழகினார்கள். பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல், கொஞ்சம் தைரியம் வந்ததும் பார் மேலே உட்கார்ந்து அரைப் பெடல். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டில் ஏறும் நாள் வந்தபோது, ஏறிவிட்டோம் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. அந்த சீட் எங்கே அழுத்துகிறது, ஏன் எரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. வாய்விட்டுச் சொன்னால் "அப்போ ஓட்டாதே" என்ற பதில்தான் வரும் என்று தெரிந்திருந்ததால் சொல்லவும் இல்லை. வாடகை சைக்கிள் கடைக்காரர் காற்றை அழுத்திப் பார்ப்பார், பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார், நோட்டில் நேரம் எழுதுவார். "அண்ணே, சீட்டைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க" என்று ஒரு பையன் சாதாரணமாகக் கேட்டான். பெண் பிள்ளைகள் கிடைத்த வண்டியை அப்படியே தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கூச்சம் இன்றும் போகவில்லை. இந்த வலியில் பெரும்பகுதி பெண்ணின் உடம்பால் வருவதல்ல. யாரும் அளந்து பார்க்காததால் வருவது. அதைத் தீர்க்கப் பெரும்பாலும் ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும். என் வாதம் இவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பெண்களும் சைக்கிளும் என்றால் முதலில் புதுக்கோட்டை நினைவுக்கு வரும். 1991-ல் ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் வண்டியையும் எடுத்துக்கொண்டார்கள் என்றும், பாரில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று சிலர் அதையே விரும்பினார்கள் என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அதன் பிறகு, 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் சில ஆண்டுகளிலேயே அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவியர் எல்லோருக்குமாக விரிந்தது. இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் வண்டிகள். பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்திவைத்து, எம்.எல்.ஏ. வந்து சாவி கொடுத்து, போட்டோ எடுத்து முடியும் அந்த விழாவைப் பார்க்காத ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்காது. நாலே முக்கால் அடிப் பெண்ணுக்கும் ஐந்தரை அடிப் பெண்ணுக்கும் ஒரே வண்டி, ஒரே சீட். கம்பெனியிலிருந்து வந்த உயரத்திலேயே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சீட்டுக்கு அடியில் நட்டு இருப்பது எதற்கு என்று அந்த விழாவில் யாரும் சொல்லித் தருவதில்லை.

உடம்பின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. கெட்டியான திண்ணையில் உட்கார்ந்து, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துப் புட்டத்துக்கு அடியில் வைத்துப் பார்த்தால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். மனித உடம்பு உட்காரும்போது பாரத்தைத் தாங்குவதற்கு உரியவை அந்த இரண்டும்தான். அவற்றுக்கு நடுவிலும் முன்பக்கத்திலும் இருப்பது மென்சதை, நரம்பு, ரத்தக்குழாய். அவை பாரம் தாங்க ஏற்பட்டவை அல்ல. இடுப்பெலும்பின் முன்பக்க வளைவு ஆண்களைவிடப் பெண்களுக்கு விரிந்தது. அந்தக் கோணம் பெண்களுக்குப் பொதுவாக 80 டிகிரிக்கு மேல், ஆண்களுக்கு 70-க்குக் கீழ் என்று உடற்கூறு நூல்கள் சொல்லும். அதனால் அந்த எலும்பு முனைகளுக்கு இடையிலான தூரமும் பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல். ஆணின் இடுப்புக்கு வடித்த ஒடுக்கமான சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்தால், எலும்பு முனைகள் சீட்டின் விளிம்புக்கு வெளியே போய்விடுகின்றன. பாரம் முழுவதும் நடுவில் இருக்கும் மென்சதையின் மேல் விழுகிறது. எரிச்சல், மரத்துப்போதல், வீக்கம் எல்லாம் இதிலிருந்து வருபவைதான். முன்னால் குனியக் குனிய இது கூடும். 2012-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, போட்டிகளில் ஓட்டும் 48 பெண்களைப் பரிசோதித்து, ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்ந்திருந்தால் முன்பக்க அழுத்தம் கூடுவதையும் உணர்வு குறைவதையும் காட்டியது. நம் ஊர் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டுகிறோம், அந்த மட்டில் நல்லது. ஆனால் நம் வண்டிக்கென்றே வேறு ஒரு கோளாறு இருக்கிறது.

சாதாரண வண்டியின் சீட், கம்பியின் தலையில் ஒரு கிளிப்பால் பிடிக்கப்பட்டிருக்கும். கிளிப்பின் உள்ளே பல் பல்லாக வெட்டியிருக்கும், அந்தப் பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்பதால்தான் சீட் ஒரே சாய்வில் நிற்கிறது. உட்காருபவரின் பாரம் சீட்டின் பின்பகுதியில்தான் விழுகிறது. மேடு பள்ளத்தில் குதித்துக் குதித்து நட்டு லேசாகத் தளரும், பல் தேயும், சீட்டின் பின்பக்கம் மெல்ல இறங்கி மூக்கு மேலே எழும்பும். ஒரே நாளில் நடக்காததால் ஓட்டுபவருக்குத் தெரியாது. வலிக்க ஆரம்பித்ததும் வீட்டில் செய்யும் முதல் வைத்தியம் மேலே எதையாவது சுற்றுவது. பழைய துண்டு, ஸ்பாஞ்ச், குஞ்சம் தொங்கும் சீட் கவர், இப்போது ஆன்லைனில் வரும் ஜெல் கவர். மெத்தென்று இருந்தால் வலிக்காது என்பது நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. மெத்தையில் எலும்பு முனைகள் அமுங்கி அடிவரை போய்விடும், அமுங்கிய இடத்து ஸ்பாஞ்ச் நடுவில் பிதுங்கி, எந்தச் சதையைக் காப்பாற்றப் பார்த்தோமோ அதையே அழுத்தும். கடைவீதி வரை போய்வர ஸ்பாஞ்ச் கவர் சுகமாகவே இருக்கும், மறுப்பதற்கில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கு அது எதிரி. மழையில் நனைந்த ஸ்பாஞ்ச்மேல் சீருடையோடு உட்கார்ந்து பள்ளிக்குப் போவது தனிக் கொடுமை.

செய்ய வேண்டியது உயரத்தில் தொடங்குகிறது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். அப்போது, ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கையில் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். சீட் இதைவிடத் தாழ்ந்திருந்தால் கால்கள் பாரத்தில் பங்கு எடுத்துக்கொள்வதில்லை, முழு எடையும் சீட்டிலேயே உட்காரும். உயர்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடி, தொடையும் சீட்டும் உரசிப் புண்ணாகும். நம் பெண்கள் இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று சீட்டை இறக்கி வைப்பது பயத்தால், லாரி போகும் சாலையில் அந்தப் பயம் நியாயமானதே. அதற்காக முழுக்க இறக்க வேண்டியதில்லை. கால்விரல் நுனி தரையில் பட்டால் போதும், நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொள்ளலாம். அடுத்தது சாய்வு. இதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சீட்டின்மேல் நீளவாக்கில் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் சரி. மூக்கு மேலே இருந்தால் கிளிப்பின் இரண்டு பக்க நட்டையும் தளர்த்தி, மட்டத்துக்குக் கொண்டுவந்து, திரும்ப இறுக்க வேண்டும். அப்படியும் முன்பக்கம் அழுத்தினால் மூக்கை ஒரு மயிரிழை தாழ்த்தலாம். அதற்கு மேல் தாழ்த்தினால் உடம்பு வழுக்கி முன்னால் வரும், மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். கிளிப்பின் பல் தேய்ந்து போயிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிளிப்பையே மாற்ற வேண்டும். பெரிய செலவு இல்லை.

இந்த இரண்டும் சரியாக இருந்தும் வலித்தால்தான் சீட்டின் அகலத்தைச் சந்தேகிக்க வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டியின் ஒரு துண்டைக் கெட்டியான படியில் போட்டு, மெல்லிய உடையோடு அதன்மேல் ஒரு நிமிடம் அழுத்தி உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி தெரியும். குழியின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதோடு இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் கூட்டினால் சீட்டின் பின்பகுதிக்கு வேண்டிய அகலம் கிடைக்கும். நிமிர்ந்து ஓட்டுபவருக்குக் கூடுதல் அகலம் வேண்டும். 'லேடீஸ் சீட்' என்ற பெயரையும் பூப்போட்ட ரெக்சினையும் நம்பி வாங்காதீர்கள். சராசரி என்பது சராசரிதான், ஒடுங்கிய எலும்புள்ள பெண்களும் உண்டு, அகன்ற எலும்புள்ள ஆண்களும் உண்டு. மெலிந்த பெண்ணுக்கு அகன்ற எலும்பும் பருத்த பெண்ணுக்கு ஒடுங்கிய எலும்பும் இருக்கலாம். வெளிப்பார்வைக்கு இது தெரியாது, அட்டைத் துண்டுக்குத்தான் தெரியும். தேவைக்கு மேல் அகன்ற சீட்டும் தொடையை உரசும் என்பதால் பெரிதாக வாங்கிவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை.

உடையைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. சுடிதார் பேண்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நான்கு தையல்கள் வந்து கூடும் முடிச்சு சரியாக சீட்டின் நடுவில் உட்காரும் இடத்தில் இருக்கும். வியர்வையில் நனைந்து, ஒவ்வொரு மிதிக்கும் அந்த முடிச்சு உரசிக்கொண்டே இருந்தால் தோல் என்ன செய்யும்? கவட்டில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் தையல்கள் நடுவிலிருந்து விலகிப்போகும். பழைய தையற்காரர்களுக்கு இது தெரியும், ரெடிமேட் சீருடையில் துணியை மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். மாதவிடாய் நாட்களில் நாப்கினின் விளிம்பும் இதே வேலையைச் செய்கிறது. வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் கொடுக்கும் புதுயுகம் திட்டம் 2011-ல் அறிவிக்கப்பட்டது. அதே பிள்ளைகளுக்கு அதே அரசு சைக்கிளும் கொடுக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்க ஒரு அதிகாரிக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

"போகப் போகப் பழகிடும்" என்பது எப்போதும் வரும் முதல் மறுப்பு. பாதி உண்மை. ரொம்ப நாள் கழித்து ஓட்டினால் எலும்பு முனை இருக்கும் இடத்தில் வலிக்கும், ஒரு வாரத்தில் போய்விடும். அது பழகும் வலி. முன்பக்கம் மரத்துப்போவது, சிறுநீர் கழிக்கும்போது எரிவது, தோல் உரிவது, கட்டி வருவது ஆகியவை பழகக் கூடாத வலிகள். மரத்துப்போனால் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். தொடர்ந்து ஓட்டினால் எல்லாம் பழகும் என்பது உண்மையானால், நாளெல்லாம் ஓட்டும் வீராங்கனைகளுக்கு இந்தத் தொல்லையே இருந்திருக்கக் கூடாது. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டுகளில் பிரிட்டனின் சைக்கிள் அமைப்பு விசாரித்தபோது, உலகத் தரம் வாய்ந்த அதன் பெண்களே சீட் புண்ணால் பயிற்சியை இழந்துகொண்டிருந்தது தெரியவந்தது. உராய்வைப் படித்தவர்களையும் படுக்கைப் புண்ணுக்கு வைத்தியம் செய்பவர்களையும் கூட்டி உட்காரவைத்து யோசித்தார்கள். கீழ்முடியை மழிப்பதை நிறுத்துங்கள், அது தோலுக்குக் காப்பு என்பது அவர்கள் சொன்ன புத்திமதிகளில் ஒன்று. சீட்டின் மூக்கை எவ்வளவு தாழ்த்தலாம் என்ற சர்வதேச விதியும் அந்தக் காலத்தில் தளர்த்தப்பட்டது. ஊதியம் வாங்கும் வீராங்கனையே தானாக வாய் திறக்காத ஒரு விஷயத்தை, பதினாறு வயதுப் பெண் பி.டி. சாரிடம் வந்து சொல்வாள் என்று காத்திருப்பது நியாயமா?

இன்னொரு மறுப்பு கிராமத்துக்குள் மெதுவான குரலில் வரும். பெண் பிள்ளை சைக்கிள் ஓட்டினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், கன்னித்தன்மை போய்விடும், வலி அதற்கான எச்சரிக்கை என்பார்கள். கர்ப்பப்பை இறங்குவதற்குக் காரணங்களாக மருத்துவம் சொல்பவை பிரசவம், வயது, ஓயாத இருமல், தொடர்ந்து கனம் தூக்குவது போன்றவை. கனம் தூக்குவதற்கு எதிராக எந்த வீட்டிலும் தடை போட்டதாகத் தெரியவில்லை, தண்ணீர்க் குடத்தை இறக்கி வை என்று யாரும் சொல்வதில்லை. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படையே இல்லை, அதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-ல் கூட்டாக அறிவித்துவிட்டன. இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமும் அல்ல. 1890-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெண்கள் சைக்கிள் ஏறியபோது அங்குள்ள டாக்டர்களே இப்படிப் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு வியாபாரிகள் சொன்ன பதில் சுவாரசியமானது. எலும்பு முனைகளுக்கென்று இரண்டு திண்டு வைத்த 'கிறிஸ்டி' சீட் அந்தப் பத்தாண்டில்தான் சந்தைக்கு வந்தது. எலும்பில் உட்கார வேண்டும் என்ற அறிவு நூற்றுமுப்பது வருடப் பழசு. மாணவிகளுக்குக் கொடுக்கும் வண்டிக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள், எல்லோரும் ஸ்கூட்டிக்குப் போய்விட்டார்களே என்று கேட்கலாம். எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் அதிகம். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் தொண்ணூறுகளில் இறக்கிய ஸ்கூட்டிதான் பெண்களின் வண்டி என்ற எண்ணத்தையே நாட்டில் பரப்பியது. 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாநில அரசு 25,000 ரூபாய் வரை மானியத்தில் ஸ்கூட்டர் கொடுக்கத் தொடங்கியது. 2021-ல் போச்சம்பள்ளி பக்கத்து மின்ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா அறிவித்தது. அந்த ஸ்கூட்டரை வாங்கப் போகும் பெண் ஷோரூமில் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். முதலில் ஏறி உட்காருகிறாள், இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பார்க்கிறாள், எட்டவில்லை என்றால் வேறு மாடல் கேட்கிறாள். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை, விற்பவர் அதை முன்கூட்டியே எதிர்பார்க்கிறார். காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு உள்ள அந்த உரிமை, விலையில்லாமல் வரும் பொருளுக்கு இல்லாமல் போகிறது. பிளஸ் ஒன் மாணவிக்கு லைசென்ஸ் கிடையாது, பெட்ரோலுக்குக் காசும் கிடையாது. ஆலை பஸ் வந்து நிற்கும் நிறுத்தம் வரை மாந்தோப்பு வழியே விடியற்காலையில் சைக்கிளில் வரும் பெண்களும் இருக்கிறார்கள். ஸ்கூட்டர் வந்துவிட்டது என்பது அவர்களுக்குப் பதிலாகாது.

சாலையில் கிண்டல், பள்ளியில் கழிப்பறை, தெருவிளக்கு என்று பெரிய பிரச்சினைகள் கிடக்கும்போது சீட்டைப் பற்றியா பேசுவது என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் சைக்கிளின் பயன் அது ஓடும்போது மட்டும்தான். பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியதாகவும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் 2017-ல் எழுதினார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். தூரம் கூடக்கூடத்தான் சீட்டும் வலிக்கும். அதாவது, சைக்கிள் யாருக்கு அதிகம் உதவுமோ அவளைத்தான் சரியில்லாத சீட் அதிகம் வதைக்கிறது. அவள் வண்டியை நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோவில் போனால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். தம்பி எடுத்து ஓட்டிக்கொள்வான், கணக்கில் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

டெண்டரில் இரண்டு மூன்று அளவு சீட் கேட்டால் விலை ஏறும், தாமதமாகும் என்பது நிர்வாகத்தின் வாதம். ஏற்றுக்கொள்கிறேன், ஐந்து லட்சம் வண்டியில் ஒரு ரூபாய்கூடப் பெரிய தொகைதான். அதனால் சீட்டை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. நட்டைத் திருகச் சொல்கிறேன். சைக்கிள்களைப் பூட்டிக் கொடுக்க ஆட்கள் எப்படியும் பள்ளிக்கு வருகிறார்கள், ஸ்பேனர் அவர்கள் கையிலேயே இருக்கிறது. விழா முடிந்த பிறகு அவர்களை ஒரு பிற்பகல் மட்டும் நிறுத்திவையுங்கள். மாணவிகளை ஒவ்வொருவராக வண்டியில் ஏறி உட்காரச் சொல்லி, குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்த்து, உயரத்தையும் சாய்வையும் ஒரு ஆசிரியை பக்கத்தில் நின்று சரிசெய்து வாங்கிக் கொடுக்கட்டும். எந்த நட்டு எதற்கு என்று அவர்களுக்கே காட்டிக் கொடுக்கட்டும், இரண்டு மாதம் கழித்து தளர்ந்தால் அவர்களே இறுக்கிக்கொள்வார்கள். பள்ளிக்கு இரண்டு ஸ்பேனரும் ஒரு ரசமட்டமும் வாங்க எந்த அரசாணையும் தேவையில்லை, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பணம் போதும். நாகரசம்பட்டி, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தலைமையாசிரியர்கள் அடுத்த முறை சைக்கிள் லாரி வந்து இறங்கும்போது இதைச் செய்து பாருங்கள். வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் பெண்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே சைக்கிள் கடைக்குப் போய் "சீட் மூக்கு தூக்கியிருக்கு, மட்டம் பண்ணிக் குடுங்க" என்று கேளுங்கள்.